கயிறு பிடிப்பவர் கண்ணயரக் கூடாது

என் தாத்தா முத்துக்குளித்தவர். தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த 1961இலும் அவர் சிப்பி விளையும் கடலடிப் பாரில் இறங்கியிருக்கிறார். கல் கட்டிய கயிற்றில் கால் வைத்து ஏழெட்டு பாகம் ஆழத்துக்குப் போவாராம். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் சிப்பி பொறுக்குவார். மூச்சு முட்டினால் கையில் பிடித்த கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். அந்த நொடியே படகில் இருப்பவர் மேலே இழுத்துவிட வேண்டும். அதனால் மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று எங்கள் கரையில் சொல்வதுண்டு. தங்கச்சியின் தாலி அவன் கையில் இருக்கிறது. அவன் கண்ணயர மாட்டான்.

மீனவர் குடியிருப்பு ஒன்றின் அங்கன்வாடியில் 22 வருடமாக வேலை செய்கிறேன். சுகாதாரம், பாதுகாப்பு, நல்லொழுக்கம் இதெல்லாம் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியும் என்று கேட்பவர்களிடம் தாத்தாவின் கயிற்றைப் பற்றித்தான் சொல்வேன். பிள்ளைக்குச் சுண்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். சுண்டினால் இழுக்க, மேலே ஆள் விழித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பாடம் வீண்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு ஐந்து வயதுக்காரி. எங்கள் பகுதியில் வள்ளத்து எஞ்சினுக்கான மண்ணெண்ணெயைக் காலி கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் உண்டு. ஒருநாள் மதியம் அவளுடைய தம்பி அதைத் தண்ணீர் என்று குடித்துவிட்டான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, வாந்தி எடுக்க வைக்கலாமென்று ஆச்சி அவன் தொண்டையில் விரலை விடப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மேலே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108க்குப் போன் செய்தோம். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான்.

அந்தக் களேபரத்தில் அக்காக்காரி என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அம்மாட்ட காலையிலேயே சொன்னேன் டீச்சர், தம்பி அந்தப் பாட்டில எடுக்கான்னு. போட்டி அங்கிட்டுன்னுட்டா.”

பாட்டிலில் இருப்பது தண்ணீர் இல்லை என்று மோந்து பார்த்துச் சொல்ல நான் கற்றுக்கொடுத்திருந்தேன். பிள்ளை சரியாகச் சுண்டினாள். மேலே யாரும் இழுக்கவில்லை. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏலத்துக்கு மீன் கொண்டுபோகும் அவசரம் அவளுக்கு. அதன்பிறகு நான் பிள்ளைகளுக்கு நடத்தும் ஒவ்வொரு பாடத்தையும் தாய்மாரைக் கூட்டி அவர்களுக்கும் நடத்துகிறேன்.

சின்னப் பிள்ளைக்குக் கண்ணால் பார்ப்பதுதான் பாடம். கிருமி என்றால் அதற்குத் தெரியாது. ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் மஞ்சள்தூளைத் தடவி, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு வரச் சொல்வேன். ஐந்து நிமிடத்தில் கதவு, தண்ணீர்ச் செம்பு, பக்கத்துப் பிள்ளையின் கன்னம் எல்லாம் மஞ்சள். “வயித்தால போற நோயும் இப்படித்தான் பரவும்” என்றால் போதும். சோப்புப் போட்டால்தான் மஞ்சள் போகும் என்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கொசுப் பாடம் கரையில். படகு மோதாமல் இருக்கத் தொங்கவிடும் பழைய டயரில் மழைத்தண்ணீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கு அந்தத் தெளிந்த தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை கொட்டினால் கொசு பிறக்காது. ஞாயிறு தொழிலுக்குப் போகாத நாள். அப்பாவோடு கரைக்குப் போகும் பிள்ளைகள் டயரையும் தெர்மாகோல் பெட்டியையும் காட்டி, “தண்ணி கெடக்கு, கொட்டுப்பா” என்று நச்சரிப்பார்கள்.

பிள்ளைகள் வழியாக வீட்டைத் திருத்துவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்து, கற்றதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லும்படி அனுப்பினார். தான் போக முடியாத நோயாளிகளின் வீட்டுக்கும் பிள்ளைகளையே அனுப்பியதாக அவருடைய கடிதங்கள் சொல்கின்றன. இதே எண்ணத்தில்தான் 1978இல் லண்டனில் டேவிட் மார்லி என்ற குழந்தை மருத்துவரும் மற்றவர்களும் ‘குழந்தைக்குக் குழந்தை’ என்ற சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். தம்பி தங்கையைத் தூக்கிச் சுமக்கும் பிள்ளைக்கே சுகாதாரம் சொல்லிக்கொடுத்தால் வீடு முழுக்கப் போய்ச் சேரும் என்பது அவர்கள் கண்டது. 

2023 டிசம்பர் வெள்ளத்தில் இதை நான் நேரில் பார்த்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நேரம். எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கடக்கப் பார்த்த தாய்மாமனை, தோளில் இருந்த நான்கு வயதுப் பையன் தலைமுடியைப் பிடித்து இழுத்து, “கம்பத்தைத் தொடாத மாமா, ஷாக்கடிக்கும்” என்று கத்தினான். மாமா நின்றுவிட்டார். அந்தக் கம்பத்தில் மின்சாரம் இருந்ததா என்பது வேறு விஷயம். பிள்ளை சொன்னதும் பெரியவர் நின்றாரே, அதுதான் எனக்குப் பெரிது.

இதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு டீச்சர்?” என்று தாய்மார் கூசுவதும் அதற்குத்தான். உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது. குளிப்பாட்டும் அம்மாவும், அம்மா பக்கத்தில் இருக்கும்போது பார்க்கும் டாக்டரும் மட்டும் விலக்கு. யாராவது தொட்டால் ‘வேண்டாம்’ என்று கத்து, ஓடு, சொல். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒருவர் சொன்னால் அதைத்தான் முதலில் சொல். தப்பாகத் தொடுகிறவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். அதனால் அந்நியரைக் காட்டிப் பயமுறுத்தினால் போதாது. ஒவ்வொரு பிள்ளையிடமும், “உன் கயிறு யார் கையில?” என்று கேட்பேன். ஆச்சி என்பார்கள், சித்தி என்பார்கள், டீச்சர் என்பார்கள். மூன்று பேரையாவது சொல்ல வைப்பேன். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு இப்படி நடந்தது தெரிந்தும் மறைப்பது பெரியவர்களுக்குக் குற்றம்.

நல்லொழுக்கமும் இதே கயிறுதான். எங்கள் மையத்தில் சிலேட்டை உடைத்தவன் தானே வந்து சொன்னால் அடியும் இல்லை, ஏச்சும் இல்லை; துண்டுகளைப் பொறுக்க நானும் கூடக் குனிவேன். சின்ன உண்மைக்கு அடி வாங்கிய பிள்ளை பெரிய உண்மையை நம்மிடம் கொண்டுவராது.

உங்கள் பிள்ளை இன்று சாயங்காலம் ஏதோ சொல்ல வரும். கையில் போன் இருந்தால் கீழே வையுங்கள். உலை கொதித்தால் அடுப்பைத் தணியுங்கள். என்ன செய்வதென்று தெரியாத விஷயமாக இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். அதற்கு முன்னால், பிள்ளை சொல்வதை முழுசாகக் கேளுங்கள். கயிறு உங்கள் கையில்தான் இருக்கிறது.