பரம்பரையலகுச் சிகிச்சை: கைகூடிய விஞ்ஞானமும் கைக்கெட்டாத விலையும்

நோயின் அறிகுறிகளுக்கு மருந்து கொடுப்பதே வைத்தியத்தின் நெடுங்கால வழக்கம். நோயை விளைவிக்கும் பரம்பரையலகையே திருத்திவிட்டால் என்ன என்ற வினா கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. அதற்கான விடை இன்று வைத்தியசாலைகளை எட்டிவிட்டது. 2023 நவம்பரில் பிரித்தானியா, தலசீமியாவுக்கும் அரிவாட்கல நோய்க்குமான ‘காஸ்ஜெவி’ என்ற சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. அமெரிக்கா 2023 டிசெம்பரில் அரிவாட்கல நோய்க்கும், 2024 ஜனவரியில் தலசீமியாவுக்கும் அதனை அங்கீகரித்தது. தலசீமியாவினால் பீடிக்கப்பட்ட பிள்ளைகள் வாழும் எமது நாட்டிலே இச்செய்தியைச் சரிவர விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

குருதியிலுள்ள செங்குழியங்கள் ஈமோகுளோபின் என்னும் புரதத்தின் துணையுடன் ஒட்சிசனை உடலெங்கும் காவிச் செல்கின்றன. இப்புரதத்தின் ஒரு பகுதியை ஆக்கும் பரம்பரையலகு பழுதுபடுவதே பீற்றா தலசீமியாவாகும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு பிரதிகள் எமக்குக் கிடைக்கின்றன. ஒன்று மட்டும் பழுதாயின் அவர் நோயாளியல்லர். நோய்க் காவி மாத்திரமே. இரு காவிகள் மணம் முடித்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை நோயாளியாகப் பிறப்பதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு.

கடுமையான நோயுடன் பிறக்கும் பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஆயுள் முழுவதும் குருதி ஏற்ற வேண்டும். ஏற்றப்படும் குருதியிலுள்ள இரும்பு உடலில் தேங்கி இருதயத்தையும் ஈரலையும் தாக்குவதால், அதனை வெளியேற்றும் மருந்தையும் இடைவிடாது கொடுக்க வேண்டும். பொருந்தும் சகோதரரின் என்பு மச்சையை மாற்றீடு செய்து இந்நோயைக் குணப்படுத்தலாம். ஆயினும் ஓர் உடன்பிறப்பின் என்பு மச்சை பொருந்துவதற்கான வாய்ப்பும் நான்கில் ஒன்றுதான்.

இந்த இடைவெளியையே பரம்பரையலகுச் சிகிச்சை நிரப்ப முனைகிறது. கருவிலிருக்கும் சிசு வேறொரு வகை ஈமோகுளோபினைப் பயன்படுத்துகிறது. பிறந்த பின்னர் உடல் அதன் உற்பத்தியை நிறுத்திவிடும். காஸ்ஜெவி சிகிச்சையில், நோயாளியின் குருதியை ஆக்கும் மூலக்கலங்கள் வெளியே எடுக்கப்பட்டு, ‘கிறிஸ்பர்’ எனப்படும் மூலக்கூற்றுக் கத்தரிக்கோலால் அந்த நிறுத்தற் கட்டளை துண்டிக்கப்படுகிறது. திருத்தப்பட்ட கலங்கள் மீண்டும் உடலிற் செலுத்தப்பட்டதும் சிசுப் பருவ ஈமோகுளோபின் மறுபடியும் சுரக்கத் தொடங்குகிறது. பழுதைத் திருத்தாமலே, மூடிய பழைய வாயிலொன்றைத் திறந்துவிடும் உபாயம் இது. இக்கருவியை 2012இல் அறிமுகப்படுத்திய இமானுவேல் சார்பென்டியே, ஜெனிபர் டௌட்னா ஆகிய இரு பெண் விஞ்ஞானிகளுக்கும் 2020ஆம் ஆண்டின் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தை அடைய விஞ்ஞானம் கொடுத்த விலை சிறிதல்ல. 1990 செப்டெம்பரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில், நிர்ப்பீடனக் குறைபாடுடைய நான்கு வயதுச் சிறுமியொருத்திக்கு முதலாவது அங்கீகரிக்கப்பட்ட பரம்பரையலகுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. உலகெங்கும் நம்பிக்கை பெருகியது. ஆனால் 1999 செப்டெம்பரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்றில் பங்குபற்றிய 18 வயதான ஜெசி கெல்சிங்கர், பரம்பரையலகைக் காவிச் சென்ற வைரசுக்கு உடல் காட்டிய கடும் எதிர்ப்பினால் நான்கே நாட்களில் உயிரிழந்தார். ஆய்வுக்குத் தலைமை தாங்கியவருக்கு அத்துறையைச் சார்ந்த தனியார் நிறுவனமொன்றில் நிதி நலன் இருந்தமை பின்னர் பெருஞ்சர்ச்சையை ஏற்படுத்தியது.

2000ஆம் ஆண்டில் பரிஸ் நகரின் நெக்கர் வைத்தியசாலையில் அலன் பிஷர் குழுவினர், நிர்ப்பீடனமின்றிப் பிறந்த குழந்தைகளைக் குணப்படுத்தியதாக அறிவித்தனர். அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. புதிய பரம்பரையலகு தவறான இடத்தில் போய்ப் பொருந்தி, புற்றுநோயைத் தூண்டும் வேறொரு பரம்பரையலகை விழிக்கச் செய்ததால், அவர்களுள் நால்வருக்குக் குருதிப் புற்றுநோய் ஏற்பட்டது, ஒருவர் இறந்தார். பாதுகாப்பான காவி வைரசுகளை உருவாக்குவதற்கும் ஒழுங்குவிதிகளை இறுக்குவதற்கும் இந்த இழப்புகளே வழிவகுத்தன. இன்றைய வெற்றிகளைப் புகழும்போது, அப்பிள்ளைகளுக்கு உலகம் பட்டுள்ள கடனையும் நினைவிற்கொள்வது தகும்.

இப்போதும் இது இலகுவான சிகிச்சையன்று. திருத்திய கலங்களுக்கு இடமளிப்பதற்காக, பழைய என்பு மச்சையைக் கடுமையான மருந்தினால் அழிக்க வேண்டியுள்ளது. இதனால் மலட்டுத்தன்மை ஏற்படும் ஆபத்துண்டு. வாரக்கணக்கில் வைத்தியசாலையிலே தங்கவும் நேரிடும். நீண்டகாலப் பின்விளைவுகளை அறிய இன்னும் பல வருடங்கள் செல்லும்.

இவற்றுக்கெல்லாம் மேலான தடை விலையாகும். அமெரிக்காவில் காஸ்ஜெவி சிகிச்சைக்கு அறிவிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலராகும். டொலர் ஒன்றை 300 ரூபா எனக் கொண்டால், அது 66 கோடி ரூபாவாகும். 2022இல் அங்கு அனுமதிக்கப்பட்ட ‘சின்டெக்லோ’ என்ற தலசீமியாச் சிகிச்சையின் விலை 28 இலட்சம் டொலர். செல்வந்த நாடுகளே இவ்விலைகளைக் கண்டு தயங்குகின்றன. விலை குறித்த இணக்கம் காணப்படாமையால் சின்டெக்லோவின் உற்பத்தியாளர் 2021இல் ஐரோப்பியச் சந்தையை விட்டு விலகத் தீர்மானித்தார். உலகின் தலசீமியா நோயாளருட் பெரும்பாலானோரோ மத்திய தரைக்கடல் நாடுகள் முதல் தென்கிழக்காசியா வரையிலான பிரதேசத்திலேயே வாழ்கின்றனர். நோய் ஓரிடத்திலும் மருந்து வேறோரிடத்திலும் இருப்பதே இன்றைய யதார்த்தம்.

எனினும் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. எமது அயல்நாடான இந்தியாவிலே, மும்பாய் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு வைத்தியசாலையும் இணைந்து உருவாக்கிய, குருதிப் புற்றுநோய்க்கான கலச் சிகிச்சை 2023 ஒக்டோபரில் அனுமதி பெற்றது. அதன் செலவு மேற்குலகச் செலவின் சிறு பகுதியே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஈமோபீலியா நோயாளர் ஐவருக்கு அளிக்கப்பட்ட பரம்பரையலகுச் சிகிச்சை நற்பயன் தந்தமை 2024 டிசெம்பரில் வெளியிடப்பட்டது. ஆய்வு எங்கு நடைபெறுகின்றதோ அங்குதான் விலையும் தீர்மானிக்கப்படும் என்பதை இவை உணர்த்துகின்றன. எமது பல்கலைக்கழகங்களும் இத்தகைய ஆய்வுகளிற் பங்காளிகளாவதற்கு வழிசெய்யப்பட வேண்டும்.

அந்நாள் வரும்வரை எம்மிடமுள்ள வலிமை மிக்க ஆயுதம் மிக மலிவானது. அது திருமணத்துக்கு முன்னரான குருதிப் பரிசோதனையாகும். இலங்கையரில் நூற்றுக்குச் சுமார் இருவர் பீற்றா தலசீமியாக் காவிகள் என 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது. குருணாகலில் இந்நோய்க்கெனத் தனியான சிகிச்சை நிலையமும் இயங்கி வருகிறது. சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கம் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் உண்டு. ஒரே குடும்பத்தில் ஒரே பழுதுபட்ட பரம்பரையலகு இருவரிடமும் காணப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், இப்பரிசோதனை எமக்கு இன்னும் முக்கியமானதாகிறது.

ஏனைய நாடுகள் வழிகாட்டியுள்ளன. சைப்பிரஸில் திருச்சபையே திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழைக் கோரியதால், நோயுடன் பிறக்கும் பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ இல்லாதொழிந்தது. ஈரானில் 1997 முதலும் சவூதி அரேபியாவில் 2004 முதலும் இப்பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சவூதியில் முடிவு எவ்வாறாயினும் மணம் முடிப்பது தம்பதியரின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் தேவாலயங்களும், பாடசாலைகளும் விவாகப் பதிவாளர்களும் இப்பணியை ஏற்றுக்கொள்ளலாகாதா? சாதகப் பொருத்தம் பார்க்கும் பெற்றோர், குருதிப் பொருத்தத்தையும் பார்ப்பதில் இழுக்கொன்றுமில்லை.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவோம். காவியாக இருப்பது குற்றமுமன்று, குறையுமன்று. பரிசோதனை முடிவு பெண் பிள்ளையின் வாழ்வுக்குத் தடைக்கல்லாக மாறுமாயின், மக்கள் உண்மையை மறைக்கவே முற்படுவர். முடிவுகள் இரகசியமாகப் பேணப்படுவதும், ஆணும் பெண்ணும் சமமாகப் பரிசோதிக்கப்படுவதும் இன்றியமையாதவை.

பரம்பரையலகைத் திருத்தும் வல்லமை மனிதனுக்குக் கிடைத்துவிட்டது. அதன் பயன் ஏழை நாட்டுப் பிள்ளையையும் சென்றடையும் நாள் விரைந்து வரவேண்டும். அதுவரை, சில துளிக் குருதியைப் பரிசோதித்துத் தடுக்கக்கூடிய துன்பத்தை அறியாமையினால் அடுத்த தலைமுறையின் தலையிற் சுமத்தாதிருப்பது எம் அனைவரதும் கடமையாகும்.