காப்புறுதி முடிந்த பின் வாகனம் மோதினால்...

வியாபாரிக்கு லொறி என்பது இரண்டாவது கடை. இரவில் கடையைப் பூட்ட மறக்காத நாம், லொறியின் காப்புறுதி முடியும் திகதியை மறந்து விடுகின்றோம். எனக்கும் அது நேர்ந்தது.

தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு ஏ-9 வீதியால் மாத்தளைக்குத் திரும்புகையில், நாலந்தாவுக்கு அருகில் முன்னால் சென்ற முச்சக்கர வண்டியில் எனது சிறிய லொறி முட்டியது. யாருக்கும் காயமில்லை. வண்டியின் பின்பக்கம் நசுங்கி, விளக்கும் உடைந்திருந்தது.

"நானா, இன்ஷூரன்ஸுக்கு கோல் எடுங்க" என்றார் வண்டிக்காரர். பத்திரத்தைப் பார்த்தேன். நான்கு நாட்களுக்கு முன்பே முடிந்திருந்தது.

கூடி நின்றவர்களில் ஒருவர் காதோடு சொன்னார்: "இப்பவே டவுனுக்குப் போய் ஒன்று எடுங்க. நாளைக்கு முட்டினதாகச் சொல்லலாம்." மனம் சற்று ஆடத்தான் செய்தது. ஆனால் அது மோசடி. அதற்கு அந்த வண்டிக்காரரையும் பொய்ச் சாட்சியாக்க வேண்டும். உண்மையைச் சொல்லி, "செலவு என்னுடையது" என்றேன்.

இப்படியான நேரத்தில் செய்ய வேண்டியவை இவை:

முதலில், நிற்க வேண்டும். பெயர், முகவரி கொடுக்க வேண்டும். இது சட்டக் கடமை. யாருக்காவது சிறு காயம் என்றாலும் காசு கொடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள். 1990க்கு அழைத்து அம்பியுலன்ஸும், 119க்கு அழைத்து பொலிஸும் வரச் செய்யுங்கள். இன்று "ஒன்றுமில்லை" என்பவருக்கு நாளை கை வீங்கலாம்.

இரண்டாவது, இரு வாகனங்களையும் இலக்கத் தகடு தெரியும்படி படம் எடுங்கள்.

மூன்றாவது, சேதம் மட்டும்தான் என்றால், கராஜ் மதிப்பீட்டைப் பார்த்துத் தொகையைப் பேசுங்கள். திகதி, இடம், வாகன இலக்கங்கள், அடையாள அட்டை இலக்கங்கள், கொடுத்த தொகை ஆகியவற்றை எழுதி, இரண்டு பிரதிகளில் இருவரும் ஒப்பமிடுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் ஒப்பமிடாதீர்கள். "இதே சேதத்துக்கு எனது காப்புறுதியிலும் கோர மாட்டேன்" என்ற வரியும் அவசியம். அவருடைய நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்தால், பின்னர் அதை உங்களிடம் அறவிட வரலாம். ஆனால் இந்தக் கடிதம் பொலிஸ் வழக்கைத் தடுக்காது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நான்காவது, தொகையில் இணக்கம் வராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணிக்குச் செலவு செய்யத் தேவையில்லை.

ஐந்தாவது, காப்புறுதியில்லாத லொறியை அப்படியே வீட்டுக்கு ஓட்டி வருவதும் குற்றமே. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியுள்ளது. நான் வேறு லொறியை அழைத்து மரக்கறியை மாற்றினேன். புதிய காப்புறுதி எடுத்த பிறகே எனது லொறி அசைந்தது.

அன்று கையிலிருந்து போனது 18,000 ரூபா. மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுத்திருந்தாலும் என் லொறியின் சேதம் என் தலையில்தான். அதற்கு முழுக் காப்புறுதி வேண்டும். வட்டியை எண்ணித் தயங்குவோருக்கு 1999 முதல் நம் நாட்டில் தகாபுல் வழியும் உண்டு.

வருமான அனுமதிப்பத்திரம் செல்லுபடியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். காப்புறுதி அதற்கு முன்பே முடியலாம். இரண்டு திகதிகளையும் கடை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். அந்த வண்டிக்காரர் இன்றும் என் கடைக்குச் சாமான் வாங்க வருகிறார். அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடிந்திருக்காது.