தட்டில் அடங்கிய தேசம்

ஒரு நாட்டையே தட்டுகளில் அடக்க முடியுமா? 1086-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் வில்லியம் தம் நாட்டு நிலபுலன்களைக் கணக்கெடுக்கச் செய்தார். அக்கணக்கே 'டூம்ஸ்டே' நூல். 900 ஆண்டுகள் கழித்து, 1986-இல், பி.பி.சி. நிறுவனம் புதிய 'டூம்ஸ்டே'யை வெளியிட்டது. பள்ளி மாணவர்கள் உள்ளிட்ட பத்து லட்சம் பேருக்கு மேல் அதில் பங்கேற்றனர். கட்டுரைகள், படங்கள், நிலப்படங்கள் யாவும் இரண்டே லேசர் தட்டுகளில் அடங்கின! குறுந்தகட்டைப் போலவே, தட்டிலுள்ள நுண்குழிகளை லேசர் ஒளி படித்துச் சொல்லும்.

ஆனால் அத்தட்டுகளை இயக்கும் கருவிகள் விரைவிலேயே அரிதாகிவிட்டன. பழைய கணிப்பொறியைப் போலவே செயல்படும் நிரலை உருவாக்கி, 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை உயிர்ப்பித்தனர். தோல் ஏடுகளில் மையால் எழுதிய பழைய நூலையோ இன்றும் படிக்கலாம்!

மாணவர்களே, தகவலைச் சேமிப்பது பாதி வேலைதான். காலந்தோறும் புதிய கருவிகளுக்கு ஏற்ப அதை மாற்றி வைப்பதே மறு பாதி.