எண்ணெய் தடவிய காலமும் எவர்சில்வர் காலமும்

உழவு முடிந்ததும் எங்கள் அம்மாயி கொழு, மம்பட்டி, அரிவாள் எல்லாவற்றையும் மண் போகத் தேய்ப்பார். வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி, பழந்துணியில் சுற்றிப் பரணில் ஏற்றுவார். "காத்துப் பட்டா இரும்பு செத்துப்போகும் கண்ணு" என்பார். பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்தால் நவச்சாரப் புகை தெருவை நிறைக்கும். தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு இறக்கிவிட்டு வரும் மாமா, முதல் வேலையாக லாரியின் சேஸிஸில் தண்ணீர் அடிப்பார். காய்ந்ததும் கழிவு ஆயிலைப் பூசுவார். அப்புறம்தான் குளியல், சாப்பாடு. மூன்று பேரும் செய்தது ஒரே காரியம்: உலோகத்தின் மேல் காற்றோ ஈரமோ புளிப்போ படாமல் மூடிவைப்பது.

கடலிலும் அன்று இதே வழிதான். பாய்மரம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் வடங்கள் ஒரு காலத்தில் நார்க்கயிறுகள். 1834-இல் ஜெர்மனியின் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். சில பத்தாண்டுகளில் அது கப்பலுக்கும் ஏறியது. கம்பியின் மேல் துத்தநாகம் பூசினார்கள். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும்; அது தீர்ந்த இடத்தில் துரு தொடங்கும். அதனால் மாலுமிகள் வடத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினார்கள். தார் தோய்த்த துணியைச் சுற்றி, அதன்மேல் சணலை இடைவெளியில்லாமல் இறுக்கிக் கட்டினார்கள். கடலையே பார்க்காத அம்மாயிக்கு அந்த வேலையைக் காட்டியிருந்தால் உடனே புரிந்திருக்கும்.

எங்கள் சேலம் பக்கத்துக்கும் இரும்புக்கும் உறவு பழையது. கஞ்சமலையில் காந்த இரும்புக்கல் கிடக்கிறது. 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்துத் தாதுவை நம்பித்தான் அதில் இறங்கினார். அண்ணா முதல்வராக இருந்த 1967-இல் சேலம் உருக்காலைக்காகத் தமிழ்நாடு எழுச்சி நாள் நடத்தியது. 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆனால் கஞ்சமலைத் தாதுவை உருக்கும் ஆலையாக அது வரவில்லை. வெளியிலிருந்து வந்த எஃகை மெல்லிய தகடாக உருட்டும் துருப்பிடிக்காத எஃகு ஆலையாகத்தான் 1981-82-இல் இயங்கத் தொடங்கியது. சொந்தமாக எஃகு உருக்கும் பிரிவு வர 2010 ஆனது. மலைக்கல் மலையிலேயே இருக்க, அதன் அடிவாரத்திலிருந்து நாட்டின் சமையலறைகளுக்கு எவர்சில்வர் போனது. ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருவுக்கு வருவது நின்றது.

அத்தோடு இன்னொன்றும் நின்றது: துடைத்துப் பார்க்கிற வழக்கம். 'துருப்பிடிக்காத' என்ற சொல்லை நாம் 'ஒருநாளும் கெடாத' என்று எடுத்துக்கொண்டோம். அது தவறு.

இந்த எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். குரோமியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாக எஃகின் மேல் படர்கிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் படலம் தானாகக் கூடிவிடும். அதாவது அம்மாயி சொன்னது இங்கே தலைகீழாகிறது. பழைய இரும்புக்குக் காற்று பகை. இதற்குக் காற்றுதான் மருந்து. இதன் எதிரி உப்பிலுள்ள குளோரைடு. காற்றுப் புகாத இடுக்கில் ஈர உப்பு தங்கினால் படலம் உடையும், மறுபடி கூடாது. அரிப்பு ஊசித்துளையாக உள்ளே இறங்கும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும்.

எங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்தேன். அம்மாயி கல்லுப்பை மண்சட்டியைத் தவிர வேறெதிலும் போட்டதில்லை. நாங்கள் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினோம். ஒருநாள் அடியில் ஈரம் கசிந்தது. கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மூன்று புள்ளிகள் நட்சத்திரம் போலத் தெரிந்தன.

பாய்மரப் படகிலும் நடப்பது இதுதான், ஆனால் அங்கே கெடுவது டப்பா இல்லை, பாய்மரமே சாயும். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. இத்தகைய கிளப்புகளின் பொழுதுபோக்குப் பாய்ப்படகுகளில் இன்று மரத்தைப் பிடித்து நிற்பவை பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு வடங்கள். நல்ல பாத்திரத்துக்குப் பயன்படும் 304 ரகத்தில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. கடலுக்கு அது போதாது. 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் வேண்டும். அதுவும் உப்பை இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவே. பழைய பழக்கத்தில் இந்த வடத்தைத் தோலாலோ பிளாஸ்டிக் டேப்பாலோ இறுகச் சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. காப்பதாக நினைத்துக்கொண்டு அதன் மூச்சை அடைக்கிறார்கள்.

உப்பு லோடுக்குப் பின் மாமா செய்ததில் முதல் பாதி மட்டும் இன்றைக்கும் செல்லும். நல்ல தண்ணீரால் கழுவுங்கள், காயவிடுங்கள், எண்ணெய் வேண்டாம். சுற்றியிருப்பதை அவிழ்த்துப் பாருங்கள். இரும்பு நாரால் தேய்க்காதீர்கள், ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகளே துருவாகும். வடத்தின் கீழ்முனை பூணுக்குள் நுழையும் இடத்தில்தான் உப்புத் தண்ணீர் வழிந்து தங்கும். பழுப்புக் கோடு தெரிகிறதா என்று அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பஞ்சை எடுத்து வடத்தின் நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். பஞ்சு எங்கேனும் சிக்கினால் அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. 19 கம்பிகள் முறுக்கிய வடத்தில் ஒன்று அறுந்தாலும், மீதி 18-ஐ நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள், வடத்தையே மாற்றுங்கள்.