வாட்ஸ் இருக்கட்டும்... வோல்ட் எவ்வளவு?

சோலார் பேனல் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, ‘‘எத்தனை வாட்ஸ் சார்?’’ மாப்பிள்ளை பார்க்கும்போது சம்பளத்தை மட்டும் விசாரிப்பது மாதிரி! குணம் தெரிய வேண்டாமா?

என் நண்பன் ஒருத்தன் பள்ளிக்கரணைவாசி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கரன்ட் போய், அம்மாவுக்கு நெபுலைசர் வைக்க அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அப்புறம்தான் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் வாங்கினான். பேட்டரி, இன்வர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒரே பெட்டிக்குள். விலை, அவனுடைய இரண்டு மாத சம்பளம். கூடவே 550 வாட்ஸ் பேனல் இரண்டு. ஒவ்வொன்றும் ஏழரை அடி! மாடிக்குத் தூக்கியவர்கள் மறுநாள் லீவு.

‘‘ரெண்டையும் ஸீரிஸ்ல போட்டுடலாம்டா, சீக்கிரம் ஏறும்!’’

‘‘முதல்ல பேனலைத் திருப்பு’’ என்றேன்.

முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ‘ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ்’ என்கிற வரிதான் ஜாதகம். அவனுடையதில் 49.8. பெட்டியின் மேனுவலிலோ, சோலார் இன்புட் அதிகபட்சம் 60 வோல்ட். ஸீரிஸில் போட்டால் வோல்டேஜ் கூடும். பி.காம். படித்த எனக்குக் கூட்டல் கணக்கு வரும்... 99.6! ஒயரைச் செருகிய நொடியே உள்ளே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலர் அவுட் ஆகலாம். இந்த மாதிரி கேஸுக்கு வாரன்ட்டியும் பொதுவாகக் கிடைக்காது.

பேரலலில் போட்டால் வோல்டேஜ் அதே 49.8. ஆம்பியர்தான் டபுள். ‘‘அது மட்டும் ஆபத்தில்லையா?’’ என்று மிரண்டான். பந்தியில் அண்டா நிறைய சாம்பார் இருந்தாலும் நாம் கேட்டதைத்தானே இலையில் ஊற்றுகிறார்கள்? பெரும்பாலான பெட்டிகள் தங்களால் முடிந்த ஆம்பியரை மட்டும் இழுத்துக்கொள்ளும். (சில கம்பெனிகள் இதற்கும் கண்டிப்பான எல்லை வைத்திருக்கின்றன. மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.) அவன் பெட்டி எடுப்பதே 400 வாட்ஸ்தான். அப்படியானால் இரண்டாவது பேனல் தண்டமா? நல்ல வெயிலில் தண்டம்தான். மழை மேகம் மூடிய நாளில் அதன் அருமை தெரியும்.

இன்னொரு சூட்சுமம், குளிர். ஸ்டிக்கர் கணக்கு 25 டிகிரிக்கானது. பேனல் அதைவிடக் குளிர்ந்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் வோல்டேஜ் ஏறும். சென்னைக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ஊட்டியில் பூஜ்யம் டிகிரி காலையில் இதே பேனல் 53-ஐத் தாண்டிவிடும். ஆகவே எல்லைக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் கீழேயே இருங்கள்.

சில நூறு ரூபாய்க்கு மல்ட்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நண்பன் வாங்கிய ரெடிமேட் கேபிளில் சிவப்பு ஒயரில் மைனஸ் வந்தது! பிளஸ், மைனஸை சோதித்த பிறகு, பேனலைக் கனமான போர்வையால் மூடிவிட்டுச் செருகுங்கள். கழற்றும்போதும் அப்படியே, வெயில் அடிக்கும்போது பிடுங்கினால் பொறி பறக்கும். வெயில் பேனலுக்கு மட்டும்தான். பெட்டியை நிழலில் வையுங்கள், உள்ளே இருப்பது லித்தியம்.