ஐப்பசி மழையில் 40 கிலோமீட்டர்!

1992ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத் தந்தபோது பழகியவள் நான். அப்புறம் தண்ணீர்க் குடம், ரேஷன் கடை என்று ஊருக்குள்ளேயே ஓட்டியாச்சு. இந்த ஐப்பசியில், காரைக்குடியில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சைக்கிளிலேயே கிளம்பிவிட்டேன்.

"இந்த வயசிலயா? இந்த மழையிலயா?" என்றார் என்னவர்.

நமணசமுத்திரம் தாண்டியதுமே பிடித்துக்கொண்டது மழை. சக்கரம் நனைந்தால் பிரேக் சட்டென்று பிடிக்காது. முன்கூட்டியே லேசாக அழுத்திக்கொண்டே வரணும். தெரிந்திருந்தும் ஓர் இறக்கத்தில் விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு. திருமயம் டீக்கடையில் புடவையைப் பிழிந்தபடி நின்றபோது, பேசாமல் திரும்பிடலாமா என்று தோன்றியது நிஜம். டீ சூடாக இருந்ததோ, பிழைத்தேன்!

சாயங்காலம் வாசலில் நின்ற என்னைப் பார்த்து மகள் அழுதேவிட்டாள். அடுத்த நிமிஷம் போனில், "அம்மாவை ஏம்ப்பா விட்டீங்க?" என்று ஒரே சண்டை. பாவம், கேட்டால்தானே அவர் விடுவதற்கு!

சைக்கிள் இன்னும் அங்கேதான் நிற்கிறது. மழை விட்டதும் போய் ஓட்டி வரணும்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை