டிராக்டரின் முகத்துக்கு எது நல்ல காப்பு?

புது டிராக்டர் வீட்டுக்கு வந்ததும் நாம் முதலில் என்ன செய்வோம்? சந்தனம் குங்குமம் வைப்போம். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். அடுத்த வாரமே பட்டறைக்கு ஓட்டிப் போய், "முன்னாடி நல்ல கனமா ஒரு பம்பர் போட்டுக் குடுங்க" என்போம். வண்டியின் முகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த பம்பர், எங்கே மாட்டுவது, எவ்வளவு கனம் என்று யோசிக்காமல் மாட்டினால் காப்பே வினையாகிவிடும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். கோடை மழை பெய்து, உழவுக்குப் பதமான ஈரம் இருந்தது. ஒரு விவசாயி தரிசாகக் கிடந்த காட்டை உழுதுகொண்டிருந்தார். புல்லுக்குள் மறைந்திருந்த சீமைக் கருவேல அடிக்கட்டை ஒன்று முன்னால் இடித்துவிட்டது. வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போயிற்று. பட்டறையில் போட்ட இரும்புக் குழாய் துளிகூட வளையவில்லை. ஆனால் அந்தக் குழாயை, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் தகட்டுச் சட்டத்தோடு பற்ற வைத்திருந்தார்கள். தகடு மடங்கிற்று; குழாய் அப்படியே பின்னால் போய் ரேடியேட்டரைக் குத்திவிட்டது. வண்டி பத்து நாள் பட்டறையில் நின்றது. அதற்குள் நிலத்து ஈரம் காய்ந்துவிட்டது. "சார், கம்பி நல்ல வலுவாத்தானே இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். கம்பி வலுவாகத்தான் இருந்தது. அது நின்ற இடத்துக்குத்தான் வலு இல்லை.

எங்கே மாட்டுவது?

ஆகவே பம்பரைப் பார்க்கும்போது குழாயின் தடிமனை மட்டும் பார்க்காதீர்கள். அடி விழுந்தால் அந்த அடி எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். டிராக்டரின் முன் ஆக்சிலைத் தாங்கிக்கொண்டு கனமான வார்ப்பிரும்புப் பகுதி ஒன்று இருக்கும். கம்பெனியார் அதிலேயே போல்ட் போடத் துளைகள் விட்டிருப்பார்கள். பம்பர் உட்கார வேண்டிய இடம் அதுதான். பானெட், ரேடியேட்டர், விளக்குச் சட்டம் ஆகியவற்றில் எதையும் முட்டுக் கொடுத்து நிற்கக் கூடாது.

வார்ப்பிரும்பில் பற்ற வைக்கவும் விடாதீர்கள். சரியான பக்குவம் இல்லாமல் சூடு காட்டினால் அந்த இடத்தில் விரிசல் விடும். அந்தந்த மாடலுக்கென்று கம்பெனி கொடுக்கும் பம்பரை, சொன்ன அளவு போல்ட் போட்டு மாட்டுவதே நல்லது. முதல் சில நாள் ஓட்டிய பிறகு நட்டுகளை இன்னொரு தடவை முடுக்குங்கள்.

ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும். முன்னால் பலகை போலத் தகடு அடித்து மூடினாலோ, நெருக்கமான வலை கட்டினாலோ, தூசியும் வைக்கோல் துணுக்கும் அதிலே அடைந்து என்ஜின் சூடாகும். பானெட் முழுசாகத் திறக்கிறதா, விளக்கு வெளிச்சம் மறையாமல் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கனம்?

"கனம் கூடினால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். டிராக்டரில் முன் பம்பருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது முன்பாரம். பின்னால் ரோட்டவேட்டரைத் தூக்கும்போது முன் சக்கரம் லேசாகிவிடாமல் அது அழுத்திப் பிடிக்கிறது. ஏற்றம் இறைத்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பின் சக்கர இழுவை மட்டும் உள்ள டிராக்டர் ஒன்று 2,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முன் ஆக்சிலில் 700 கிலோ நிற்கிறது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 2 மீட்டர். பின் ஆக்சிலிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி 440 கிலோ கருவியைத் தூக்குகிறோம். 440-ஐ ஒன்றரையால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 330. அதாவது முன் ஆக்சிலிலிருந்து 330 கிலோ குறைந்து, 370 கிலோதான் மிச்சம்.

ஸ்டியரிங் பிடிப்போடு இருக்க வேண்டுமானால், வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் நிற்க வேண்டும் என்பது பொது விதி. இந்த வண்டிக்கு அது 400 கிலோ. 370 போதாது. வரப்பு ஏறும்போது முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. முன் ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் 50 கிலோ முன்பாரம் வைத்தால், தராசு விதிப்படி முன் ஆக்சிலில் 65 கிலோ கூடும். 370 இப்போது 435 ஆகிவிட்டது. இது போதும்.

தேவைக்கு மேல் வைத்தால் என்ன ஆகும்? ஸ்டியரிங் கனக்கும். முன் டயர் சீக்கிரம் தேயும். முன் சக்கர பேரிங்குக்கும் ஆக்சிலுக்கும் தேய்மானம் கூடும். தொளி உழவில் முன் சக்கரம் சேற்றில் அமிழும். ஆகவே கழற்றி மாட்டுகிற எடைக் கட்டிகளாக இருப்பது உத்தமம். கனமான கருவிக்கு மாட்டுங்கள். லேசான வேலைக்கும் தொளிக்கும் குறையுங்கள். எவ்வளவு வைக்கலாம் என்பது உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பரணில் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பம்பர் காப்பாற்றாத இடம்

முன்பாரம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. சேற்றில் பின் சக்கரம் புதைந்துவிட்டால் சிலர் சக்கரத்தில் கட்டையைச் சங்கிலி போட்டுக் கட்டி, கியரைப் போட்டு வேகம் கொடுக்கிறார்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றுவிட்டால் என்ஜின் பலம் எங்கே போகும்? வண்டியின் முன்பக்கத்தையே மேலே தூக்கிவிடும். முன் சக்கரம் எழும்பியதிலிருந்து வண்டி மல்லாக்கக் கவிழ ஒன்றரை விநாடி போதும். கிளட்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எந்த பம்பரும் அங்கே உதவாது.

புதைந்த வண்டியைப் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் கருவியைக் கழற்றிவிட்டு, வேறொரு டிராக்டரால் இழுக்கச் சொல்லுங்கள். அப்போதும் சங்கிலியை பம்பர் குழாயில் கட்டாதீர்கள்; இழுப்பதற்கென்று இருக்கிற கொக்கியில் கட்டுங்கள். ஆட்கள் சங்கிலியை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.

கவிழ்ந்தால் உயிரைக் காப்பது இருக்கைக்கு மேலே நிற்கும் கவிழ்காப்புச் சட்டமும் அதோடு சேர்ந்த சீட் பெல்ட்டும்தான். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் மட்டும் கட்டக் கூடாது. கையில் ஒரு தொகை இருந்து, அலங்கார பம்பரா கவிழ்காப்புச் சட்டமா என்று யோசிப்பவர் இருந்தால், நான் சட்டம் என்றே சொல்வேன்.

ரோட்டுக்கு வந்தால்

வயலில் முன்னால் நிற்பது கட்டையும் கல்லும். ரோட்டில் முன்னால் வருவது ஆள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் நெஞ்சு, தலை உயரத்தில்தான் ஜீப், பிக்கப் வண்டிகளில் மாட்டும் இரும்புக் கம்பி இருக்கிறது. வளைந்து கொடுக்கிற பானெட் தகடு தாங்கிக்கொள்ளும் அடியைக் கம்பி தாங்காது; அப்படியே உடம்பில் இறக்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் நான்கு மடங்கு என்பதையும் மறக்காதீர்கள்.

உள்ளே இருப்பவருக்கும் நன்மை இல்லை. இந்தக் காலத்து வண்டிகளின் முன்பக்கம் மோதலில் நசுங்கி அடியைத் தணிக்கும்படி செய்யப்பட்டது. கம்பியை நேரே சேசிஸில் முடுக்கினால் அந்த அடி உள்ளே வரும். ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதும் தடுமாறலாம்.

இதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இப்படி மாட்டும் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு மாறானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. 2019-இல் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். டிராக்டரும் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே. ஆகவே கம்பெனி பம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கூரான கொம்பும் வேலும் சிங்க முகமும் வேண்டாம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பர் ஆக்சில் தாங்கும் வார்ப்பிரும்பில் உட்காரட்டும். ரேடியேட்டருக்குக் காற்று போகட்டும். பாரம் கருவிக்குத் தக்கபடி இருக்கட்டும். கூரான எதுவும் வெளியே நீட்டாமல் இருக்கட்டும். உழப் போகும் முன் தரிசை ஒரு தடவை நடந்து பார்த்து, அடிக்கட்டை இருக்கிற இடத்தில் ஒரு குச்சி நட்டுவிடுங்கள். காசு செலவில்லாத காப்பு அது. நான் சொன்ன அந்த விவசாயி இப்போது அப்படித்தான் செய்கிறார்.